வாசலைத் தாண்டி உள்ளே வாங்க!

குழந்தைகளே! தினமும் கடந்து போகிற ஒரு வாசலுக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கிறீர்களா? நான் இருந்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது முல்லா வீதி வழியாகப் பலநூறு முறை போயிருக்கிறேன். அங்குள்ள தர்காவின் முன்னால் சாம்பிராணி மணக்கும். ஆனாலும் உள்ளே நுழைந்ததில்லை. "போகாதே" என்று யாரும் தடுக்கவில்லை. "போய்ப் பார்" என்றும் யாரும் சொல்லவில்லை.

என் பேரனுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனையும் அவனுடைய நண்பர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு நடக்கப் புறப்பட்டேன். நீங்களும் வாருங்கள்!

பெயரே ஒரு பாடம்

புதுச்சேரி நகரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அதன் தெற்குப் பக்கத்தில் முஸ்லிம் மக்கள் பல தலைமுறைகளாக வாழும் வீதிகள் இருக்கின்றன.

"காஜியார் வீதின்னா என்ன தாத்தா?" என்று கேட்டான் பேரன்.

காஜி என்றால் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். முல்லா என்றால் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். இங்குள்ள குத்பா பள்ளிவாசலின் பெயரில் வரும் 'குத்பா', வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையின்போது நிகழ்த்தும் சொற்பொழிவைக் குறிக்கும். மூன்று பெயர்களுக்கும் பொருள் தெரிந்ததும் பையன்கள் ஒவ்வொரு வீதிப் பலகையாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்!

கதவைத் திறந்த ஊர்

நடந்துகொண்டே அவர்களுக்கு ஒரு வரலாறு சொன்னேன். 1740-ஆம் ஆண்டு மராட்டியப் படையுடன் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தினர் அடைக்கலம் தேடிப் புதுச்சேரிக்கு வந்தார்கள். அப்போது இங்கே ஆளுநராக இருந்தவர் துய்மா. அவர் கோட்டைக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே ஏற்றுக்கொண்டார். "அவர்களை ஒப்படைத்துவிடு" என்று மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே மிரட்டியும் துய்மா மறுத்துவிட்டார்.

அப்படி அடைக்கலம் கொடுத்த ஊர் நம்முடையது!

உள்ளே போகலாமா?

முல்லா வீதியில் உள்ள முல்லா சாகிப் தர்காவை அடைந்தோம். தர்காவும் பள்ளிவாசலும் ஒன்றல்ல, குழந்தைகளே. பள்ளிவாசல் இறைவனைத் தொழும் இடம். தர்கா என்பது சூஃபி ஞானி ஒருவரின் அடக்கத்தலம். சூஃபிகள் இறைவனை அன்பின் வழியாகத் தேடியவர்கள். எளிய வாழ்க்கை வாழ்ந்தவர்கள்.

நம் நாட்டிலிருந்து பார்த்தால் மக்கா மேற்குத் திசையில் இருக்கிறது. அதனால் இங்கே தொழுகை மேற்கு நோக்கி நடக்கும். அடக்கம் செய்யும்போது முகம் மேற்கே பார்க்கும்படி உடலைத் தெற்கு வடக்காக வைப்பார்கள். சமாதியின் மீது போர்வை போர்த்தி மலர் தூவுவார்கள்.

வாசலில் ஒரு பையன் மட்டும் நின்றுவிட்டான். "தாத்தா, நாங்க வேற சாமி கும்பிடறவங்க. உள்ளே விடுவாங்களா?" என்றான் மெதுவாக. சின்ன வயதில் நான் எவரிடமும் கேட்காமல் விட்ட கேள்வி அது!

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது. "செருப்பைக் கழற்றிப் போட்டுட்டு வாங்க தம்பி. இங்க எல்லாரும்தான் வர்றாங்க" என்றார் சிரித்தபடி.

தர்கா என்ற பாரசீகச் சொல்லுக்கே 'வாசல்' என்றுதான் பொருள். பள்ளிவாசல் என்ற நம் தமிழ்ச் சொல்லிலும் 'வாசல்' இருக்கிறது, பார்த்தீர்களா?

மன்னர் எழுப்பிய கோபுரம்

"மற்ற மதத்துக்காரங்க தர்காவுக்கு ஏதாவது செஞ்சிருக்காங்களா?" என்று அதே பையன் கேட்டான்.

காரைக்காலைத் தாண்டியதும் வரும் நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் புகழ்பெற்ற தர்கா இருக்கிறது. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் ஓர் இந்து.

கப்பலேறிச் சிங்கப்பூர் சென்ற தமிழ் முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவரின் நினைவாக அங்கே தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே ஒரு தர்காவை எழுப்பினார்கள். 1974-இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை மையம் இயங்குகிறது.

நீங்கள் போகும்போது...

* பெரியவர் ஒருவரின் துணையோடு செல்லுங்கள். காலணியை வெளியே விடுங்கள். தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.
* பள்ளிவாசல் என்றால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டுச் செல்லுங்கள்.
* சில தர்காக்களில் பெண்கள் குறிப்பிட்ட இடம் வரைதான் செல்லலாம். முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

திரும்பி வரும்போது, வாசலில் தயங்கி நின்ற அந்தப் பையன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். "அடுத்த வாரம் எங்க தாத்தா போறோம்?" என்று வேறு கேட்டான்.

உங்கள் தெருவிலும் நீங்கள் நுழையாத ஒரு வாசல் இருக்கும். யாரிடமாவது கேட்டுப் பாருங்களேன்!