நள்ளிரவில் வந்த இரண்டு அழைப்புகள்



கப்பல் மூழ்கும்போது கப்டன்தான் கடைசியாக இறங்க வேண்டும் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், அவரது பொறுப்பு கப்பல் சரியும் வேளையில்தானா ஆரம்பமாகிறது? 'எல் ஃபாரோ' கப்பலுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

2015 செப்டெம்பர் 29ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு இந்தச் சரக்குக் கப்பல் புறப்பட்டது. 1975இல் கட்டப்பட்ட அக்கப்பலில் 33 பேர் இருந்தனர். அட்லாந்திக் சமுத்திரத்தில் அப்போது 'வாக்கீன்' என்ற சூறாவளி வலுப்பெற்று வந்தது. சுற்றிச் செல்லப் பாதுகாப்பான வேறு வழி இருந்தும், வழக்கமான பாதையைச் சற்றே மாற்றினால் போதும் என்று கப்டன் எண்ணினார். அவர் நம்பியிருந்த வானிலை வரைபடமோ பல மணி நேரம் பழையது. புதிய தகவல்கள் மேல்தளத்திலுள்ள வேறு கருவிக்கு வந்துகொண்டிருந்தன.

மறுநாள் இரவு 11 மணியளவில், மூன்றாம் அதிகாரி கப்டனின் அறைக்குத் தொலைபேசியில் அழைத்தார். காலை 4 மணிக்குச் சூறாவளியின் மையத்திலிருந்து 22 மைல் தூரத்தில்தான் இருப்போம் என்று எச்சரித்தார். கப்டன் பாதையை மாற்றவில்லை. அதிகாலை 1.20 மணியளவில் இரண்டாம் அதிகாரியும் அழைத்தார். அவர் ஒரு பெண். தெற்கே திரும்பலாமே என்றார். அதற்கும் பலனில்லை. புயலை நோக்கிச் செல்கிறோம் என்று தன் தாய்க்கு மின்னஞ்சல் அனுப்பியவரும் அவர்தான்.

விடியும்போது கப்பலுக்குள் நீர் புகுந்தது. கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டு இயந்திரம் நின்றது. ஒக்டோபர் 1ஆம் திகதி காலை, பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே அது மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன? 2016 ஓகஸ்ட்டில், சுமார் 15,000 அடி ஆழத்திலிருந்து கப்பலின் குரல் பதிவுக் கருவி மீட்கப்பட்டது. அதன் இறுதி நிமிடங்களில், சரிந்த தளத்தில் ஏற முடியாமல் தவித்த மாலுமியொருவரைக் கப்டன் கைவிடவில்லை. ஏறி வருமாறு அவருக்குத் தைரியமூட்டிக்கொண்டே இருந்தார். உயிருக்குப் பயந்து ஓடிய மனிதரல்லர் அவர்.

அப்படியிருந்தும், 2017இல் வெளியான விசாரணை அறிக்கைகள் அவரையே முதன்மைப் பொறுப்பாளியாகக் கண்டன. புயலை விட்டு விலகப் போதிய நடவடிக்கை எடுக்காமை, புதிய வானிலைத் தகவலைப் பயன்படுத்தாமை, ஆட்களைத் தாமதமாக ஒன்றுதிரட்டியமை ஆகியவை அவர் மீதான குறைகள். கப்பல் கம்பனியின் பாதுகாப்பு மேற்பார்வை போதாமையும், திறந்த பழைய உயிர்காப்புப் படகுகளும் அறிக்கையில் சுட்டிக்காட்டப்பட்டன.

கடைசி நிமிடத்தில் அவர் காட்டிய துணிவு உண்மையானது. ஆனால் 33 உயிர்களைக் காப்பாற்றும் வாய்ப்பு அதற்கு முன்பே, அந்த இரண்டு அழைப்புகளோடு வந்து போய்விட்டது.

சகோதரிகளே! குடும்பத்தை நடத்துபவர்கள் நீங்கள். "இது சரியாகப் படவில்லையே" என்று உங்கள் மகளோ மருமகளோ தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, ஒரு நிமிடம் நின்று கேட்கிறீர்களா? வயதில் சிறியவர் சொல்கிறார் என்பதற்காக அந்த எச்சரிக்கை சிறியதாகிவிடுமா?