சொல்லாமல் விட்டதை எழுதி வைப்போம்



எங்கள் வார்டுகளில் அடிக்கடி நடப்பது இது. வியாதி முற்றிய ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். அவருடைய மனைவி எங்களை வராந்தாவுக்கு அழைத்து, "அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், சிஸ்டர்" என்பார். அவர் காப்பி வாங்கப் போனதும் நோயாளி எங்களைக் கூப்பிட்டு, "எனக்கு எல்லாம் தெரியும். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்பார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு உண்டு. ஆனாலும் பேச வேண்டியதைப் பேசாமலே பிரிந்துவிடுகிறார்கள்.

வாய் சொல்லத் தயங்குவதைக் கை எழுதிவிடும். ஆனால் சாவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். கோடம்பாக்கத்துப் படங்களுக்கு ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய கவிஞர் கண்ணதாசன் அப்படி நினைக்கவில்லை. இறந்தவனோடு யார் எதுவரை கூட வருவார்கள் என்று 1962-ல் வெளிவந்த 'பாத காணிக்கை' படப்பாடலில் அவர் கேட்டார். அது பட்டினத்தார் வழிவந்த சிந்தனை. அந்தப் பட்டினத்தாரின் சமாதி இதே சென்னையில், திருவொற்றியூரில் இருக்கிறது. கண்ணதாசன் உயிரோடு இருக்கும்போதே தனக்குத்தானே இரங்கற்பாவும் எழுதினார். தன் தவறுகளை ஒளிக்காமல் 'வனவாச'த்தில் எழுதினார்.

இவற்றால் அவருடைய வாழ்க்கை சோர்ந்துவிட்டதா? இல்லை. கடைசிக் காலத்தில் 'இயேசு காவியம்' எழுதினார். 1981 அக்டோபர் 17-ம் தேதி சிகாகோவில் மறைந்தபோது அவருக்கு வயது 54. 'மூன்றாம் பிறை'க்கு அவர் எழுதிய தாலாட்டை ஜனங்கள் கேட்டது 1982-ல், அவர் போன பிறகு!

கவிஞர்களுக்குத்தான் இது கைகூடும் என்று எண்ண வேண்டாம். கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், மரணத்தை நெருங்கிய நோயாளிகளிடம் சில கேள்விகள் கேட்டார். உங்கள் வாழ்க்கையில் எது முக்கியமாக இருந்தது? பிள்ளைகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? பதில்களை டேப்பில் பதிவு செய்து, எழுத்தாக்கி, நோயாளிக்கு வாசித்துக் காட்டித் திருத்தி, அவர் கையில் கொடுத்தார். 2005-ல் வெளியான ஆய்வில் 100 பேர் பங்கு பெற்றனர். 76 சதவீதம் பேர் தங்கள் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தனர். 47 சதவீதம் பேர் வாழும் விருப்பம் கூடியது என்றனர். எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். கேட்டு எழுத ஒருவர் இருந்தால் போதும்.

சுகமாயிருக்கும் நாமும் இன்றே தொடங்கலாம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில், யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டோம் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாரை மன்னிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில், ஒரு வருஷம்தான் மீதி என்றால் எதை விட்டுவிடுவோம், எதைச் செய்வோம் என்று எழுதுங்கள். எழுதிய அன்று மனம் கனக்கலாம். கால்மணி நேரத்துக்கு மேல் எழுத வேண்டாம். துக்கம் தாங்க முடியாததாக இருந்தால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

நான்காவதாக ஒரு காகிதமும் உண்டு. குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ம் தேதி ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். ஐ.சி.யூ. வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து விழிக்க வேண்டியிராது.

90-ம் சங்கீதம் மனித ஆயுள் குறுகியது என்று சொல்லி நின்றுவிடுவதில்லை. அந்தக் கணக்கை அறிந்தவனுக்கே ஞானம் வரும் என்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயர் எழுதினீர்களானால், அவர் வீடு கோடம்பாக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கமே இருக்கலாம். நோட்டை மூடி வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.