டர்போ காரை ‘ட்யூன்’ பண்ணப் போறீங்களா? முதல்ல பெட்ரோல் வர்ற வழியைப் பாருங்க!

மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், இரண்டு புறமும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயிலில் கண் கூசுகிற மாதிரி குவித்துவைத்த வெள்ளை உப்பு. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே வந்தால் கோட்டக்குப்பம். ஊர் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். ஆனால், கொஞ்ச தூரம் நடந்தால் புதுச்சேரி வந்துவிடும்.

இந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு. அதனால், “எல்லையைத் தாண்டி ஃபுல் டேங்க் போட்டுக்கலாம்” என்று ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டிக்கொண்டு வருவார்கள். சாதாரண காருக்கு இதனால் உடனடியாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால், லேப்டாப்பைச் செருகி சக்தியைக் கூட்டிய டர்போ காருக்கு, காலியான டேங்க்கும் இந்தக் கரையின் உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்ஜினையே காவு வாங்கிவிடும். எப்படி?

காற்று சுலபம்… பெட்ரோல்தான் கஷ்டம்!

இன்ஜினுக்குச் சாப்பாடு இரண்டே இரண்டு: காற்று, எரிபொருள். புகைக்குழாயில் வெளியேறும் வாயுவின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. சிறிய இன்ஜினிலும் பெரிய சக்தி கிடைப்பது இதனால்தான்.

இன்று பல கார்களில் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, இ.சி.யூ எனப்படும் கம்ப்யூட்டர். அதில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதினால், டர்போ இன்னும் அதிகமாகக் காற்றைத் தள்ளும். இதைத்தான் ‘ரீமேப்’ என்கிறார்கள். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

ஆனால், கூடுதலாக வரும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலை எந்த லேப்டாப்பும் தயாரித்துத் தராது. அது டேங்க்கில் இருந்து பம்ப், ஃபில்டர், குழாய், இன்ஜெக்டர் என ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்தாக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

முழு எரிப்புக்கு 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று தேவை. டர்போ இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கும்போது, வேண்டுமென்றே பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விடுவார்கள். 1 கிலோவுக்கு 12 முதல் 12.5 கிலோ காற்று என்ற அளவில் இருக்கும். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்கும்.

அந்த நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்? சூடு ஏறும். ஸ்பார்க் பிளக் மூட்டிய நெருப்பு பரவி முடிப்பதற்குள், மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற அந்த வெடிப்பில் பிஸ்டனின் விளிம்பு உடையும். சூடு அதிகமானால் பிஸ்டனே உருகி ஓட்டை விழும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாகப் போகும்போது எந்த அறிகுறியும் தெரியாது. லாரியை ஓவர்டேக் செய்ய முழுசாக மிதிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் விபரீதம் நடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பலத்தில் ஓடும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 250 கிராம் பெட்ரோல் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

110 குதிரைத்திறன் காருக்கு இந்தக் கணக்கில் மணிக்கு சுமார் 37 லிட்டர் வேண்டும். அதையே 150 ஆக்கினால் சுமார் 50 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 208 மில்லி தெளிக்க வேண்டும்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தில் திறந்து மூடும் குட்டிக் குழாய். 6,000 ஆர்.பி.எம்-ல் ஒரு முழுச் சுற்று வேலைக்குக் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த நேரம் முழுக்க இன்ஜெக்டரைத் திறந்தே வைக்கக் கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் 150 குதிரைத்திறனுக்கு, நிமிடத்துக்கு 260 மில்லி திறனுள்ள இன்ஜெக்டர்கள் தேவை. பழைய இன்ஜெக்டர் 200 மில்லி ரகம் என்றால், மூடாமல் திறந்தே கிடந்தாலும் போதாது!

கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களிலும் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைத்துத்தான் தயாரிக்கின்றன. அதனால், மிதமான ரீமேப்பைப் பல கார்கள் தாங்கிவிடும். அந்த மிச்சம் எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் செலவழிப்பதில்தான் ஆபத்து.

எதை, எந்த வரிசையில் மாற்றுவது?

வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஷவரை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு, வருகிற பைப்பை அரை இன்ச்சாகவே விட்டால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். காரிலும் அதே கதைதான். அதனால், டேங்க்கில் இருந்து தொடங்க வேண்டும்.

பம்ப்: டேங்க்குக்குள் மூழ்கி இருக்கும் மின் மோட்டார். அழுத்தம் கூடக் கூட, அது தள்ளும் அளவு குறையும். அதனால், பெட்டி மேல் எழுதியிருக்கும் ‘மணிக்கு இத்தனை லிட்டர்’ என்பதை மட்டும் நம்பக் கூடாது. உங்கள் காரின் அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்று பார்க்க வேண்டும். இந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதே சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். வளைவில் மீதிப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால், பம்ப் காற்றை உறிஞ்சும். டர்போ முழு வீச்சில் இருக்கும்போது அப்படி நடந்தால் என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், இன்ஜினுக்கு லட்சங்களில் செலவழிக்க வேண்டிவரும்.

ஃபில்டரும் ஹோஸும்: புதுப் பம்ப் போடும்போது பழைய ஃபில்டரை அப்படியே விடுவது வீண். ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் தனி ரகம். வெளியே பயன்படுத்தும் சாதாரண ரப்பர் ஹோஸை உள்ளே போட்டால், ஊறி வெடித்துவிடும்.

பிரஷர் ரெகுலேட்டர்: இன்டேக் குழாய்க்குள் தெளிக்கும் வகை இன்ஜின்களில், இன்ஜெக்டருக்குப் பின்னால் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் டர்போ 1 பார் எதிர் அழுத்தம் கொடுக்கிறது. ஆக, தள்ளும் பலம் 2 பார்தான். தெளிக்கும் அளவு சுமார் 18 சதவீதம் குறைந்துபோகும். டர்போ ஒரு பார் ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு பார் ஏற்றுவது ரெகுலேட்டரின் வேலை. சில கார்களில் இதையே கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சரிசெய்கிறது.

இன்ஜெக்டர்: கடைசியாகத்தான் இது. மாற்றினால் நான்கையும் ஒன்றாக, ஒரே அளவில் தெளிப்பதாகச் சோதித்து மாற்ற வேண்டும். புது அளவை இ.சி.யூ-வுக்கும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஐடிலில் நிற்காது, புகை கக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால்?

இப்போது வரும் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. இவற்றில் இரண்டு பம்ப்புகள் உண்டு. டேங்க்கில் ஒன்று, இன்ஜின் மேல் இன்னொன்று. இரண்டாவது பம்ப், அழுத்தத்தை 200 முதல் 350 பார் வரை ஏற்றும். கார் டயரில் இருக்கும் காற்று அழுத்தத்தைப்போல 100 மடங்குக்கு மேல்! தெளிக்கக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. இங்கே கைவேலைக்கு இடமே இல்லை. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்துவிடும். இந்த வகை கார்களை, அதற்கான கருவியும் பயிற்சியும் இருப்பவரிடம் மட்டும் விடுங்கள்.

டீசலில் கதை தலைகீழ். அங்கே எரிபொருளைக் கூட்டுவதுதான் சுலபம். காற்றுதான் போதாமல் போகும். கரும்புகை கக்கிக்கொண்டு போகும் ‘ட்யூனிங்’ டீசல் வண்டி, பலத்தைக் காட்டவில்லை. எரியாத டீசலையும், ஏறும் சூட்டையும்தான் காட்டுகிறது.

உப்புக் காற்றின் வேலை

உப்பளக் காற்று தகரத்தை அரிப்பது கோட்டக்குப்பத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை பார்த்தவர்கள்தான். அதே துரு, காருக்கு அடியில் போகும் பெட்ரோல் குழாயின் இரும்புப் பகுதியிலும், மூடிக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியிலும் பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று இருக்கிறது. அது எர்த் வயர்! பம்ப்பின் எர்த் வயர் காரின் உடம்போடு சேரும் இடத்திலும், கனெக்டர் பின்களிலும் பச்சையாகக் களிம்பு ஏறும். மின்சாரம் தடைபடும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பம்ப்புக்கு 11 வோல்ட் கிடைத்தால், அது சோர்ந்து சுற்றும். சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழுசாக மிதிக்கும்போது பெட்ரோல் பற்றாது.

அதனால் கடலோரத்துக் காரில், புதுப் பம்ப்புக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது மலிவான வேலைதான். வண்டியை ஓடவிட்டு, பம்ப்பின் முனையில் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஃப்யூஸ், ரிலேயுடன் தடிமனான தனி வயர் போட வேண்டும். பெரிய பம்ப் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். பழைய மெல்லிய வயர் அதைத் தாங்காது.

இதோடு எத்தனால் விவகாரமும் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறைவு. அதனால், அதே பலத்துக்கு சுமார் 6 முதல் 7 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். விளிம்பில் ஓடும் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் இது கூடுதல் சுமை. நன்மையும் உண்டு. எத்தனால், நாக்கிங்கைத் தடுக்கும். கலவையைக் குளிர வைக்கும். ஆனால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. கடற்கரை ஊரில் பாதி காலி டேங்க்குடன் மாதக்கணக்கில் காரை நிறுத்திவைக்க வேண்டாம். 2023-க்கு முன் வந்த கார் என்றால், அதன் ஹோஸும் ரப்பர் சீல்களும் இ20-ஐத் தாங்குமா என்று கையேட்டைப் பாருங்கள்.

ரேஸ் டிராக் சொல்லும் பாடம்

1977-ல் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் முதல் டர்போ காரை ஃபார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. அடிக்கடி புகை கக்கி நின்றதால், அதற்கு ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். முதல் வெற்றி கிடைத்தது 1979-ல்தான். உலகின் தலைசிறந்த இன்ஜினீயர்களுக்கே டர்போவை அடக்க இரண்டு வருடங்கள் ஆகின.

நம் ஊருக்கு வருவோம். 2017-ல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ‘ஆமியோ கப்’ என்ற பந்தயத்தை நடத்தியது. ஷோரூமில் விற்ற பெட்ரோல் ஆமியோவில் இருந்தது, டர்போ இல்லாத 75 குதிரைத்திறன் இன்ஜின். பந்தய ஆமியோவிலோ 205 குதிரைத்திறன்! சின்ன இன்ஜினை முறுக்கி அந்தச் சக்தியைப் பிழியவில்லை. 1.8 லிட்டர் டர்போ இன்ஜினையே எடுத்துப் பொருத்தினார்கள். சக்தி வேண்டுமென்றால் அதற்கான மொத்த ஏற்பாடும் சேர்ந்தே வர வேண்டும் என்பதை, காரைத் தயாரித்த கம்பெனியே காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. வாரன்டி போகும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்பதிலும் சிக்கல் வரும். வேகத்தில் ஆசை இருந்தால், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தய டிராக்குகள் இருக்கின்றன. மாடும் சைக்கிளும் பள்ளிக் குழந்தைகளும் குறுக்கே வரும் ஈ.சி.ஆர் அதற்கான இடம் அல்ல.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்!

டிராக்குக்காகவே காரைத் தயார் செய்தாலும், ட்யூன் செய்பவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

• முழு பலத்தில் ஓடும்போது, கேட்ட பெட்ரோல் அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றாக இருக்கிறதா?

• காற்று - பெட்ரோல் விகிதத்தை அளந்த பதிவைக் காட்ட முடியுமா?

• இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது?

• பம்ப்பின் முனையில் எத்தனை வோல்ட்?

• வேலை முடிந்த பிறகு கசிவு சோதித்தீர்களா? தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

இதற்கெல்லாம் எண்களில் பதில் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். “ஒண்ணும் ஆகாது சார், நிறைய வண்டி பண்ணியிருக்கோம்” என்பது மட்டுமே பதில் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ட்யூன் எதுவும் செய்யாத டர்போ கார்தான் உங்களிடம் இருக்கிறது என்றாலும், இந்தக் கரையில் ஓட்டும்போது இரண்டு விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் விடும்போதெல்லாம் அடிப்பக்கத் துருவையும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் போட எல்லைவரை காத்திருக்காமல், கால் டேங்க்குக்கு இறங்கும்போதே அடுத்த பங்க்கில் வண்டியைத் திருப்புங்கள்.