தோளில் இரண்டு கைகள்

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிளாடெட் கால்வினைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அவள் வயதைத்தான் சொல்வேன். பதினைந்து. அவர்களைவிட ஒரு வயது கூட. அதைக் கேட்டதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

1955 மார்ச் 2. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி நகரம். பள்ளி விட்டு, தோழிகளோடு பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள் கிளாடெட். அந்த ஊர் பஸ்ஸில் முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை நிரம்பிவிட்டால், பின்னால் இருக்கும் கறுப்பினத்தவர் வரிசையோடு எழுந்து இடம்விட வேண்டும்; இரு நிறத்தாரும் ஒரே வரிசையில் அமரக் கூடாது. அன்று ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் எழச் சொன்னார். கிளாடெட்டோடு இருந்த மற்ற மூவரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. போலீஸ்காரர் இருவர் ஏறி, கையைப் பிடித்து இழுத்தார்கள். மடியில் இருந்த பாடப்புத்தகங்கள் சிதறின. காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன், இது என் அரசியல் சட்ட உரிமை என்று கத்திக்கொண்டே போனாள்.

ஏன் எழவில்லை என்று பின்னாளில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: ஒரு தோளை ஹாரியட் டப்மனின் கை அழுத்தியது, மறு தோளை சோஜர்னர் ட்ரூத்தின் கை அழுத்தியது, எழ முடியவில்லை.

யார் அந்த இருவர்? டப்மன் 1849-இல் மேரிலாந்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். தப்பியதோடு நிற்காமல் சுமார் 13 முறை திரும்பப் போய், ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். ட்ரூத்தின் கதையை நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன். அவருடைய சின்ன மகன் பீட்டரைச் சட்டவிரோதமாக விற்றுவிட்டார்கள். விற்றது இதே அலபாமாவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் நியூயார்க்கில் நீதிமன்றம் ஏறி, 1828-இல் மகனை மீட்டார். 1865-இல் வாஷிங்டனில் டிராம் வண்டியில் ஏறிய அவரை நடத்துநர் தள்ளியதில் தோள்மூட்டு பிசகியது. அந்த ஆள் மேல் வழக்குப் போட்டார். கிளாடெட் பஸ்ஸில் எழ மறுத்தது அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து.

அந்த இரண்டு பெயர்களும் அவள் வகுப்பறைக்குத் தானாக வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் கார்ட்டர் வுட்சன் இருக்கிறார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர். 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். தன் மக்களுக்கு வரலாறே இல்லை என்று புத்தகங்கள் எழுதிவைத்திருந்ததை அவர் ஏற்கவில்லை. 1926-இல் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கி, பாடக் குறிப்புகளும் படங்களும் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 1950-இல் இறந்துபோனார். ஐந்து ஆண்டுகள் கழித்து, கிளாடெட்டின் ஆசிரியைகள் பிப்ரவரி மாதம் முழுவதையும் அந்த வரலாற்றுக்கே ஒதுக்கினார்கள். மார்ச் பிறந்த இரண்டாம் நாள் அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள்.

ஆனால் பாடம் மட்டும் போதாது. கடையில் செருப்பைப் போட்டுப் பார்க்கக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பழுப்புக் காகிதப் பையில் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து எடுத்துப்போக வேண்டும். அதை அனுபவித்தவள் அவள். அவள் பள்ளியிலேயே படித்த ஜெரமையா ரீவ்ஸ் என்ற பதினாறு வயதுப் பையனைக் கைது செய்து, மரண தண்டனை விதித்திருந்தார்கள். உள்ளே ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த பெண்ணிடம் டப்மனின் கதை வந்து சேர்ந்தது. மாணவர் படும் அவமானத்தைத் தொடாமல் ஆண்டுகளை மட்டும் ஒப்பிக்கவைக்கும் பாடம் யாரையும் அசைக்காது என்பது இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம்.

அதேபோல், பாதியாகச் சொல்லும் வரலாறு கெடுதல் செய்கிறது. ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1-இல், ரோசா பார்க்ஸ் அதே ஊரில் எழ மறுத்தார். வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண் என்றே அவரை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரோ 1943-லிருந்து கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர். கிளாடெட்டின் வழக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மூதாட்டியின் களைப்பில் உலகம் மாறியது என்று படிக்கும் பிள்ளை, நமக்கும் ஒருநாள் அப்படி யாராவது வருவார் என்று காத்திருக்கும். உண்மையில் பார்க்ஸுக்கு அப்போது 42 வயதுதான். அவர் கைதான பிறகு ஊரின் கறுப்பினத்தவர் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். வீடுவீடாகத் துண்டறிக்கை போனது, கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள், அதற்குக் காசு திரட்டினார்கள். இந்த வேலையெல்லாம் பாடத்தில் இருந்தால்தான் படிப்பவருக்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியும்.

கிளாடெட்டைத் தலைவர்கள் முன்னிறுத்தவில்லை. சின்னப் பெண், ஏழை வீடு. பிறகு கருவுற்றும் இருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஆனால் பஸ் பாகுபாட்டுச் சட்டத்தை எதிர்த்து 1956-இல் நான்கு பெண்கள் வழக்குத் தொடுத்தபோது அவர்களில் கிளாடெட்டும் ஒருத்தி. மே 11-இல், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து கூண்டில் ஏறினாள். இந்த பஸ் புறக்கணிப்புக்கு உங்கள் தலைவர் யார் என்று நகராட்சியின் வக்கீல் துருவினார். மார்ட்டின் லூதர் கிங் பெயரைச் சொல்லவைப்பது அவர் நோக்கம். எங்கள் தலைவர் நாங்களேதான் என்றாள்.

அந்த வழக்கு வென்றது. நவம்பர் 13-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. டிசம்பர் 21 முதல் மாண்ட்கமரி பஸ்களில் யாரும் எங்கும் அமரலாம் என்றானது. போலீசைத் தாக்கியதாகக் கிளாடெட் மேல் இருந்த பதிவை மட்டும் யாரும் நீக்கவில்லை. நியூயார்க்கில் முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளராக உழைத்து ஓய்வுபெற்ற பிறகு, அவரே மனுப் போட்டு 2021-இல் அதை அழிக்கவைத்தார். அப்போது அவருக்கு வயது 82.