வடிகட்டாத சூப்பும் தோசைக்கல் ரொட்டியும்

தளவாய்புரம், சேத்தூர், இராஜபாளையம் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து நோயாளிகளைக் காண வருவோரின் கைப்பையில் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் காண்கிறோம்: பேக்கரியில் வாங்கிய பிரெட், ஃபிளாஸ்க்கில் சூப். அன்போடு செய்து வரும் அந்தச் சூப்பைப் பலர் வடிகட்டியே கொண்டு வருகின்றனர். காயும் பருப்பும் வடிகட்டியில் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் நோயாளிக்குச் சேர்கிறது. சத்தெல்லாம் நீரில் இறங்கிவிட்டது என்பது அவர்களது நம்பிக்கை. அது சரியன்று.

இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் தோன்றியது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகளை நாடியது போல, அந்நாட்டு மக்கள் சூப் வழங்கும் கூடங்களில் வரிசையில் நின்றனர். 1847இல் அலெக்சிஸ் சோயர் என்னும் புகழ்பெற்ற சமையல் வல்லுநர் டப்ளினில் அத்தகைய கூடமொன்றை அமைத்தார். செலவு குறைவு, பசியும் சற்று அடங்கியது. ஆனால் அவரது நீர்த்த சூப்பில் உடலைத் தாங்கும் சத்து இல்லை என்று அக்காலத்து மருத்துவ உலகம் குறை கூறியது. பின்னர் அதே சோயர் 1855இல் கிரிமியப் போர்முனைக்குச் சென்று, இராணுவ மருத்துவமனைச் சமையற்கூடங்களைச் சீர்படுத்தினார். அங்கே செவிலியர் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இறைச்சியை வேகவைத்து இறுத்த நீரை வற்றவைத்துப் பார்த்தால் எஞ்சும் சத்துப் பொருள் மிகச் சொற்பமே என்று தமது செவிலியர் நூலில் எச்சரித்தார்.

அறுவை சிகிச்சையை அடுத்த நாள்களில் மருத்துவரே தெளிந்த நீருணவு கூறினால் வடிகட்டிய சூப்பே உரியது. மற்ற நாள்களில் வடிகட்டியை விட்டு மத்தை எடுங்கள்.

அயர்லாந்து இல்லங்களில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பாலும் சேர்த்துச் செய்யும் சூப்பைச் சிறிது மாற்றிக் கூறுகிறோம். நடுத்தர அளவில் இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், பத்துச் சின்ன வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி பாசிப்பருப்பு ஆகியவற்றை அரை லிட்டர் நீருடன் குக்கரில் குழைய வேகவையுங்கள். மத்தால் நன்கு மசித்து, ஒரு தம்ளர் காய்ச்சிய பால் ஊற்றி, கொதிக்கவிடாமல் சூடாக்கி, மிளகுத்தூள் தூவுங்கள். பருப்பு அந்நாட்டு வழக்கமன்று. புரதம் கூடுவதற்காக நாங்கள் சேர்த்தோம். இருவருக்குப் போதும்.

இதனுடன் அந்நாட்டார் உண்பது சோடா ரொட்டி. ஈஸ்ட் தேவையில்லை, மாவு புளிக்கக் காத்திருக்கவும் வேண்டாம். வட அயர்லாந்தில் இதனை வட்டமாகத் தட்டி நான்காக அறுத்துக் கல்லிலேயே சுடுகின்றனர். ஆகவே ஓவன் இல்லையே என்ற கவலையும் வேண்டாம், தோசைக்கல் போதும். 250 கிராம் கோதுமை மாவில் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, ஏறத்தாழ 200 மில்லி புளித்த கெட்டி மோர் ஊற்றி விரைவாகப் பிசையுங்கள். சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். மோரின் புளிப்பும் சோடாவும் சேரும்போது எழும் வாயுவே மாவை உப்பச் செய்கிறது. அது வீணாகுமுன் அரை அங்குலக் கனத்தில் தட்டி, நான்காக அறுத்து, சிறுதீயில் மூடியிட்டுப் பக்கத்திற்கு எட்டு முதல் பத்து நிமிடம் வரை சுட வேண்டும். பால்வளம் மிக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் மோருக்குப் பஞ்சமில்லை. (பால்கோவாவைப் பற்றிக் கேட்போருக்கு: அதை உடனிருப்போர் உண்ணலாம்.)

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் வீட்டில் உப்பைக் குறைப்பதில் காட்டும் கவனத்தைச் சோடாவில் காட்டுவதில்லை. ஆப்ப சோடாவிலும் சோடியம் உண்டு. அரைத் தேக்கரண்டியில் சுமார் 600 மில்லிகிராம். உப்பையும் சேர்த்தால் மேற்கண்ட ரொட்டியின் ஒரு கால்பகுதியில் ஏறத்தாழ 300 மில்லிகிராம். நலமுள்ளவருக்கே ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே இவர்களுக்கு மாவில் உப்பே வேண்டாம், சூப்பிலும் வேண்டாம். ஒரு துண்டு கொடுக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கின் பொட்டாசியமும் இடர் தரலாம். தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டினால் அது குறையும். ஆயினும் பருப்பு, பால் உள்பட அளவை உணவியலாளரே கூற வேண்டும். நீரிழிவு உள்ளோர் கிழங்கைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டலாம். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு உதிரும் ரொட்டித் துணுக்கும் நீர்த்த சூப்பும் மூச்சுக்குழாயில் செல்லக்கூடும். செவிலியரைக் கேட்காமல் ஊட்ட வேண்டாம்.

சோடா ரொட்டி மறுநாள் இறுகிவிடும். காலையில் சுட்டதைத் துணியில் சுற்றி அன்றே கொண்டு வாருங்கள். சூப்பில் தோய்த்தால் பல் இல்லாத பெரியவர்களும் உண்பர்.