முதலில் தையல், பிறகுதான் கத்தரி! வெட்டுத்துண்டில் பாப்பாவுக்கு ஒரு விரிப்பு

ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் என்றாலே நைட்டிதான் ஞாபகம் வரும். வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும் ஊர். கழுத்தும் கைக்குழியும் வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகள் மெஷினுக்கு அடியில் குவியும். ‘இதை வெச்சு என்ன செய்ய?’ என்று அவற்றை மூட்டை கட்டிவிடுவது வழக்கம். ஆனால் அதில் குழந்தைக்கு ஓர் அழகான விரிப்பே இருக்கிறது.

துண்டுத் துணியைச் சேர்த்துத் தைப்பது நமக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் போலப் பெரிய தேர்களை அலங்கரிக்கும் தேர்ச்சீலையும் தொம்பையும் துணிமேல் துணி வைத்துத் தைத்தவைதான். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பது காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி.

முக்கோணம் ஏன் சண்டித்தனம் செய்கிறது?

சதுரமாக வெட்டினால் துணி சொன்னபடி கேட்கும். காரணம், பாவு நூலும் ஊடை நூலும் நேராக ஓடுகின்றன. மூலைக்கு மூலை வெட்டினால் அது ‘கிராஸ்’ துணி, இழுத்தால் நீளும். ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்க இந்தக் குணம்தான் உதவுகிறது. ஆனால் முக்கோணங்களை முன்பே வெட்டி வைத்துத் தைத்தால் ஓரம் இழுபட்டு, ஒன்றோடொன்று பொருந்தாமல் போர்வையே கோணிவிடும்.

தைக்கும் முறை

* வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என 5 அங்குலச் சதுரங்கள் வெட்டுங்கள்.
* நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடுங்கள்.
* கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல் போடுங்கள்.
* இப்போது கோட்டின்மேல் வெட்டுங்கள். பிரித்தால் இரு நிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும்.
* தையல் ஓரத்தை அடர் நிறப் பக்கம் மடித்து, அயர்ன் பாக்ஸைத் தேய்த்து இழுக்காமல் அழுத்தி எடுங்கள். பிறகு நாலரை அங்குலமாகச் சீர் செய்யுங்கள்.

இப்படி நான்கைக் காற்றாடி போலச் சேர்த்தால் 8 அங்குலக் கட்டம். அகலத்தில் 4, நீளத்தில் 5 என 20 கட்டங்கள் சேர்த்தால் 32க்கு 40 அங்குல விரிப்பு. இதற்கு வெளிர் சதுரம் 40, அடர் சதுரம் 40 போதும். துண்டுகள் சிறியவையா? 3 அங்குலச் சதுரம் வெட்டி, தைத்தபின் இரண்டரை அங்குலமாகச் சீர் செய்யலாம்.

நடுவில் பாட்டியின் பழைய நூல் புடவையை மடித்து வைத்து, அடியில் ஒரு பருத்தித் துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்தை மடித்து அடித்தால் வேலை முடிந்தது.

மறக்கக்கூடாதது

வெட்டும் முன்பே எல்லாத் துணியையும் அலசிக் காய வையுங்கள். சாயம் போகும் ஒரே ஒரு சிவப்புத் துண்டு போதும், முதல் சலவையிலேயே மொத்த உழைப்பும் பாழாகிவிடும். நைலான், பருத்தி என்று கலக்காதீர்கள். சுருங்கும் அளவு வேறுபடும். கைக்குழந்தைக்கு இதைப் போர்த்திவிட வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

தனியாக வெட்டினால் இழுபடும் அதே ஓரம், இன்னொரு துண்டோடு சேர்த்துத் தைத்த பிறகு அசையாது. பாட்டி புடவையும் அம்மா நைட்டியும் ஒரே விரிப்பில் சேரும்போது, அதில் தவழப்போகும் குழந்தைக்கு அதைவிட நல்ல சீர் உண்டா?