நிகராகுவாச் சுருட்டைத் தரம் காணும் முறை

நெல் கொள்முதலுக்கு வரும் வியாபாரி மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, உள்ளிருந்து சில மணிகளை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஒன்றைப் பல்லிற் கடித்துப் பார்த்து விலை சொல்லுவதை அங்கத்தினர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். அந்த ஒரு கடியில் ஈரம், முறிவு, பதர் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. நாம் களத்தில் செய்ததும் செய்யத் தவறியதும் அங்கே வெளிப்பட்டுவிடுகின்றன. இவ்விதம் ருசி பார்த்துத் தரம் காணும் வித்தை மிக நுட்பமாக வளர்ந்துள்ள சரக்குகளுள் ஒன்று சுருட்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா தேசத்தில் செய்யப்படும் உயர்தரச் சுருட்டு ஒன்றின் விலை பத்து டாலருக்கு மேற்பட்டது. அந்த விலைக்கு அது தகுதியுடையதுதானா என்பதை எவ்வாறு பரீக்ஷிக்கிறார்கள் என்று விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

சரக்கின் வரலாறு

கியூபா தேசத்தில் 1959-ஆம் ஆண்டில் புரட்சி வெற்றி பெற்ற பிறகு, அங்கிருந்த புகையிலைக் குடியானவர்களும் சுருட்டு முதலாளிகளும் பலர் வெளியேறினர். 1962-இல் அமெரிக்க ஐக்கிய நாடு கியூபாச் சரக்குகளைத் தடை செய்தது. வெளியேறியவர்கள் தங்கள் நாட்டு விதைக்கு ஏற்ற நிலத்தைத் தேடி, நிகராகுவாவின் வடபாகத்திலுள்ள எஸ்தெலி, கொந்தேகா, ஹலாப்பா என்னும் பள்ளத்தாக்குகளை அடைந்தனர். அவர்களுள் ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் என்பவர், தச்சுவேலை செய்து சேர்த்த 600 டாலரை முதலாகக் கொண்டு 1964-இல் மயாமி நகரில் தொழிலைத் தொடங்கிப் பின்னர் எஸ்தெலிக்கு வந்தவர். 1978-ஆம் ஆண்டு நிகராகுவாக் கலகத்தில் அவருடைய தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. 1985 முதல் 1990 வரை அமெரிக்கா நிகராகுவாவின் சரக்கையும் தடுத்து வைத்திருந்தது. இவ்வளவுக்கும் பிறகு 1994-இல் அவர் வெளியிட்ட '1964 ஆண்டுவிழா' என்னும் வகையையே இங்கு உதாரணமாகக் கொள்வோம். இதற்கான இலை நான்கு வருஷங்கள் பழக்கி வைக்கப்பட்ட பிறகே சுருட்டப்படுகிறது.

சுருட்டின் அமைப்பு

உயர்தரச் சுருட்டில் மூன்று பாகங்கள் உண்டு. நடுவே மடித்து வைக்கப்படுவது உள்ளிலை. அதனைச் சுற்றிப் பிடித்து நிற்பது கட்டிலை. யாவற்றுக்கும் மேலே அழகும் வாசனையும் தருவது மேலிலை. உள்ளிலையிலும் பேதம் உண்டு. செடியின் அடியிலுள்ள இலை எளிதில் எரியும், காரம் குறைவு. நடுப்பாகத்து இலை வாசனை மிகுந்தது. நுனியிலுள்ள இலை வெயிலை அதிகம் வாங்கியதாகையால் தடித்துக் காரம் மிகுந்திருக்கும், மெதுவாகவே எரியும். ஆகவே நுனியிலையைச் சரியாக மையத்தில் வைக்க வேண்டும். சிறிது ஒருபுறம் ஒதுங்கினாலும் சுருட்டு கோணலாக எரியும். எஸ்தெலியின் கரிய மண்ணில் விளைந்த இலை காரமானது. ஹலாப்பாவின் செம்மண்ணில் விளைந்தது சற்று இனிமையானது. இவற்றை அளவறிந்து கலப்பதே தொழிலின் ரகசியம்.

அறுவடை செய்து உலர்த்திய இலையை அம்பாரமாக அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். அம்பாரத்தின் உள்ளே சூடு ஏறும். அளவு கடக்குமுன் அதனைக் கலைத்து, மேலிருந்ததைக் கீழும் உள்ளிருந்ததை வெளியுமாக மாற்றி அடுக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தால் இலையிலுள்ள நவச்சார வாயு நீங்கிக் காட்டமும் கசப்பும் தணியும். அவசரப்பட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். பின்னர் நரம்பு நீக்கித் தரம் பிரிப்பதும், ஒருவர் உள்ளிலையைக் கூட்ட மற்றொருவர் மேலிலையைச் சுற்றுவதும் கைவேலையாகவே நடைபெறுகின்றன.

பரீக்ஷிக்கும் முறை

முதலாவது கண்ணால் பார்ப்பது. மேலிலையின் நிறம் ஒரே சீராகவும், நரம்புகள் மெல்லியனவாகவும், எண்ணெய்ப் பளபளப்பு உடையதாகவும் இருத்தல் வேண்டும். பிறகு விரல்களால் இலேசாக அழுத்திக்கொண்டே செல்ல வேண்டும். ஓரிடத்தில் மெத்தென்றும் மற்றோரிடத்தில் கல்லென்றும் இருந்தால் உள்ளிலை சமமாக நிரப்பப்படவில்லை என்பது பொருள்.

நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இரு முனையும் திறந்தது. நிகராகுவாச் சுருட்டின் வாய்ப்புறமோ சிறு இலைத்துண்டால் மூடப்பட்டிருக்கும். அம்மூடியை மட்டும் கூரிய கத்தியால் நறுக்கி, நெருப்பு வைக்காமலே ஒருமுறை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். காற்று தடையின்றியும், அதே சமயம் வெறும் குழலில் வருவதுபோல் அன்றியும் வர வேண்டும். இறுகச் சுற்றிய சுருட்டு எவ்வளவு நல்ல இலையாயினும் பயனற்றது.

அடுத்தது பற்றவைத்தல். தீக்குச்சியின் கந்தக வாசனை போனபின், ஜுவாலை நேரே படாமல் சற்று எட்டப் பிடித்துச் சுழற்றி, முனை முழுவதும் கனியச் செய்ய வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பே போதும். அவசரமாக இழுத்தால் சுருட்டு சூடேறி, இல்லாத கசப்பைக் காட்டும். அது சுருட்டின் குற்றமன்று, பரீக்ஷிப்பவனுடைய குற்றம். புகையை மார்புக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்திச் சிறிதளவு மூக்கின் வழியே வெளிவிடுவார்கள். வாசனையின் பேதங்கள் அங்கேதான் நன்கு புலப்படும்.

சுருட்டை மூன்று பங்காகக் கொண்டு ஒவ்வொரு பங்கிலும் ருசி எவ்வாறு மாறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். நாம் உதாரணமாகக் கொண்ட வகையில் கொக்கோ, வறுத்த காப்பிக்கொட்டை, மண்வாசனை ஆகியவை வழக்கமாகக் குறிக்கப்படுகின்றன. இவை கலக்கப்பட்ட பொருள்கள் என்று எண்ணலாகாது. பழக்கிய இலையில் தானே பிறக்கும் வாசனைக்கு, அறிந்த பண்டத்தின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள், அவ்வளவே. நெருப்பு வட்டமாகவும் சமமாகவும் இறங்குகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்பனவும் கவனிக்கத்தக்கவை. நாக்கில் சுரீரென்று எரிவோ நவச்சார நெடியோ தோன்றினால், அம்பாரத்தில் அவசரப்பட்டார்கள் என்பது நிச்சயம்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகையை உள்ளிழுக்காவிடினும் சுருட்டு வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்க வல்லது. உயர்ந்த விலையால் அத்தீங்கு குறைவதில்லை. ஆதலால் இங்கு விவரிக்கப்படுவது பரீக்ஷையின் முறையேயன்றிப் பழக்கத்திற்குச் சிபாரிசு அன்று.

பெயரை மறைத்து மதிப்பிடல்

தரம் காண்பவனும் மனிதனே. பெயர்பெற்ற சுருட்டு என்று தெரிந்தால் நாக்கு தானே புகழத் தொடங்கும். இதைத் தடுக்க, 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிகார் அபிஷியனாடோ' என்னும் பத்திரிகை ஒரு முறையைக் கையாளுகிறது. சுருட்டின் காகித வளையத்தை நீக்கி, எண் மட்டும் இட்டுப் பரீக்ஷகர்களிடம் கொடுக்கிறார்கள். தோற்றமும் அமைப்பும், எரியும் தன்மை, ருசி, மொத்த அபிப்பிராயம் என்னும் தலைப்புகளில் நூற்றுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. 90-க்கு மேற்பட்டது மிகச் சிறந்தது. 95-க்கு மேற்பட்டது அபூர்வம். நாம் உதாரணமாகக் கொண்ட பத்ரோன் வகையிலோ, போலிச் சரக்கைத் தடுக்கும்பொருட்டு ஒவ்வொன்றின் வளையத்திலும் தனி எண் அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குபவனைக் காக்க வளையம் வேண்டும்; தீர்ப்பைக் காக்க அதே வளையத்தை நீக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இப்பரீக்ஷையில் யாருடைய ஜீவனம் அடங்கியிருக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். அம்பாரத்தை ஒருநாள் கலைக்கத் தவறியவருடைய பிழை நான்கு வருஷங்களுக்குப் பின், எங்கோ ஒரு தேசத்தில், முகமறியாத ஒருவருடைய நாவில் தெரியவரும். அப்போது திருத்த வழியில்லை. வேலை செய்தவர்கள் கூலி பெற்றுப் போய்விட்டிருப்பார்கள். கெட்டது பெயர் மட்டுமே. அதேபோல், எவரும் பாராத வேளையிலும் முறை தவறாமல் அம்பாரத்தைக் கலைத்து அடுக்கியவருடைய உழைப்பும் அந்த ஒரு இழுப்பிலேயே வெளிப்படும். வளையத்தை நீக்கி நேர்மையாக மதிப்பிடும் ஒருவர் இருந்தால்தான் அவ்வுழைப்புக்குரிய விலை கிடைக்கும். தரம் காண்பவருடைய நேர்மை, வாங்குகிறவருக்கு எவ்வளவு அனுகூலமோ, அவ்வளவு விளைவித்தவருக்கும் அனுகூலமானது.